ஏலம் கூறியவர் யார்? எடுத்தவர் யார்?

"ஒரு தரம்... இரண்டு தரம்..."

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற்காட்டிலே பிறந்தவர்க்கு இந்தக் குரல் புதிதன்று. வானம் பார்த்த பூமி அது. ஐப்பசி கார்த்திகையிலே அடைமழை பெய்தால் கண்மாய் நிறையும். பொய்த்தால் கண்மாய்க்குள்ளே ஆடு மேயும். நிறைந்தாலும் ஏலம் உண்டு, மீன்பாசி ஏலம். வறண்டாலும் ஏலம் உண்டு, கருவேலமர ஏலம். சாலையோரத்துப் புளி காய்த்தால் மகசூல் ஏலம். சந்தை கூடினால் சந்தைக் குத்தகை ஏலம். வரி கட்டாதவனின் நிலம் ஏலத்துக்கு வரும். கடன் கட்டாதவனின் வீடு ஏலத்துக்கு வரும். பிறந்த மண்ணிலே ஒரு சென்ட் நிலமும் இல்லாத உழைப்பாளி, இத்தனை ஏலங்களையும் வேடிக்கை பார்த்தே வளர்கிறான்.

வேடிக்கை பார்க்கிறான் என்றோம். அதிலேதான் செய்தி இருக்கிறது. பொது ஏலம் என்றால் என்ன? பலர் அறியச் சொல்லி, பலர் முன்னிலையில் நடத்தி, அதிகம் கேட்டவர் எவரோ அவர்க்குக் கொடுப்பது. சாதி கேட்பதில்லை, குலம் கேட்பதில்லை, பணம் ஒன்றையே கேட்பது என்று ஏட்டிலே எழுதியிருக்கிறது. ஏட்டிலே எழுதியிருப்பதற்கும் ஆலமரத்தடியிலே நடப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதைக் காண, வரலாற்றிலே சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

ஏலம் என்ற சொல்லே கடல் கடந்து வந்தது என்பர் மொழியறிஞர். போர்த்துக்கீசியர் 'லெய்லாவோ' என்றனர். அவர்களுக்கு அது அரபியரிடமிருந்து கிடைத்தது. அரபியிலே அதன் மூலச்சொல்லுக்கு 'அறிவித்தல்' என்று பொருள். வடபுலத்தில் 'நீலாம்' என்பதும் இதே சொல்லின் மறு வடிவம். விற்பது என்றோ வாங்குவது என்றோ பொருள் இல்லை. அறிவித்தல்! இந்தப் பொருளைத் தோழர்கள் நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

சொல் புதிது, செயல் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளிலே 'பெருவிலை' என்று ஒருவகை விற்பனை வருகிறது. அதனைப் பொது ஏலமாகவே கொள்ளும் ஆய்வாளர் உண்டு. காஞ்சிக்குத் தெற்கே உக்கல் என்ற ஊரில் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று கல்லிலே இருக்கிறது. ஏறத்தாழ 1009ஆம் ஆண்டுக்குரியது. வரி செலுத்தாதிருந்த காணியாளரின் நிலத்தைப் பறித்து விற்றுவிடும் உரிமையை அவ்வாணை ஊராருக்கு அளிக்கிறது. பொற்காலம் என்று புகழப்படும் காலத்திலும், மன்னனின் பண்டாரம் நிரம்ப வேண்டுமானால் குடியானவனின் காணி கைமாறத்தான் வேண்டியிருந்தது. கோயிலைப் பார்த்து வியப்போர், கோயிற் சுவரிலே எழுதியிருப்பதையும் ஒருமுறை படிக்கலாம்.

வெள்ளைக் கும்பினியார் வந்தபோது, நிலத்தை விற்பது அரசாட்சிக்கே அச்சாணியாயிற்று. 1793இல் வங்காளத்திலே காரன்வாலிசு நிலவரித் திட்டம் வந்தது. குறித்த நாளில், கதிரவன் மறைவதற்குள் கிஸ்தி கட்டியாக வேண்டும். தவறினால் சமீன் ஏலத்துக்குப் போகும். பரம்பரைச் சமீன்தார்கள் பலர் வீழ்ந்தனர். அவர்தம் நிலங்களை எடுத்தவர் யார்? அந்தச் சமீன்தார்களிடமே கணக்கெழுதி வந்தவர்களும், கச்சேரி உத்தியோகத்தர்களும், அவர்களுடைய பினாமிகளும்! எந்த நிலத்தில் எவ்வளவு விளையும், எந்தப் பாக்கி எப்போது முற்றும் என்ற இரகசியம் அவர்கள் கையில் இருந்தது. ஏலத்திலே உரக்கக் கேட்பவனைவிட முன்கூட்டியே தெரிந்தவனுக்கே வெற்றி என்பதை நம் நாட்டுக்கு முதன்முதலில் பெரிய அளவிலே காட்டியது அந்த ஏலங்கள்தாம்.

சென்னை மாகாணத்துக்கு 1802இல் 25ஆம் ரெகுலேசன் வந்தது. செங்கற்பட்டு, சேலம், திண்டுக்கல் பகுதிகளில் கும்பினியார் தம் நேர்ப்பிடியிலிருந்த ஊர்களையெல்லாம் கூறு போட்டு, மிட்டாக்கள் என்று பெயரிட்டு, அதிகம் கேட்டவர்க்கு விற்றனர். போட்டியிலே விலை ஏறிற்று. வாங்கியோர் மகிழ்ந்தனர், விற்றோர் அதைவிட மகிழ்ந்தனர். சில ஆண்டுகள் சென்றன. மழை பொய்த்தது; வரி நிற்கவில்லை. குடிகளைப் பிழிந்தும் கிஸ்தி தேறாமல் மிட்டாதார்கள் பலர் திவாலாயினர். மிட்டாக்கள் மீண்டும் சர்க்காரிடமே வந்து விழுந்தன. கேட்ட விலையை மண் கொடுக்கவில்லை. ஏலத்தில் வெற்றி பெற்றவனே பெரும்பாலும் மதிப்பை மிகைப்படுத்திக் கேட்டவன் என்று இன்றைய பொருளியலார் நூல் எழுதி நிறுவுகிறார்கள். நம் மிட்டாதார் நூல் படிக்காமலே அதை நிறுவிக் காட்டினர். அந்தச் சோதனைக்குத் தாளி அறுந்த மாடுபோல் அடிபட்டவன் மட்டும் உழவன்.

இனி, இன்றும் நம்மிடையே உயிரோடிருக்கும் ஒரு சட்டத்தைப் பார்ப்போம். 1864ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம். வருவாய்ப் பாக்கி வசூல் சட்டம். விக்டோரியா காலத்துச் சட்டம்தான் என்றாலும், விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் எழுதி வைத்திருக்கும் நெறிகள் கூர்மையானவை. நிலவரிப் பாக்கிக்காக ஒருவன் நிலத்தை விற்பதானால், விற்பனைக்கு ஒரு மாதம் முன்னதாக அறிவிப்பு வரவேண்டும். ஆங்கிலத்திலும் மாவட்ட மொழியிலும் இருக்க வேண்டும். பாக்கிதாரன் பெயர், நிலத்தின் இருப்பு, பரப்பு, தீர்வை, ஏலம் நடக்கும் இடம், நேரம், நிபந்தனை இத்தனையும் அதிலே வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில், வட்டக் கச்சேரியில், அருகிலுள்ள காவல் நிலையத்தில், விற்கப்படும் அந்த நிலத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். அந்த நிலத்திலேயே! இதையும் நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏலம் எடுத்தவர் அங்கேயே, அப்போதே, விலையில் நூற்றுக்குப் பதினைந்தைக் கட்ட வேண்டும். எஞ்சியது முப்பது நாளில். தவறினால் கட்டிய பதினைந்தும் பறிபோகலாம். மறு ஏலமும் வரும். முன்பணமே கட்டாமல் நழுவினால் அவர் பொறுப்பிலேயே, அவர் செலவிலேயே நிலம் மீண்டும் ஏலத்துக்குப் போகும். வெறும் வாயால் விலையை ஏற்றிவிட்டு மறைவாரைத் தடுக்கும் வேலி இது. நிலத்தை இழந்தவனுக்கும் ஒரு வாசல் உண்டு: முப்பது நாளுக்குள் பாக்கி முழுவதையும், ஏலத்தொகையில் நூற்றுக்கு ஐந்தையும் கட்டினால் விற்பனை ரத்தாகும், அந்த ஐந்து, வாங்கியவரின் ஏமாற்றத்துக்கு ஈடு. அறிவிப்பிலோ நடத்தியதிலோ பெரும் பிழை நேர்ந்து அதனால் நட்டமும் நேர்ந்திருந்தால் அதைக் காட்டியும் ரத்துக் கேட்கலாம். அதற்கும் முப்பதே நாள். பாக்கி போக மீதமிருந்தால் அது பாக்கிதாரனுக்கே சேரவேண்டும். அந்த நிலத்துக்கான தீர்வைப் பாக்கிக்காக விற்கப்படும் நிலம், பழைய வில்லங்கங்கள் நீங்கி வாங்குபவர் கைக்கு வரும்.

எத்தனை குடியானவர்க்கு இந்த முப்பது நாள் கணக்குத் தெரிந்திருந்தது? எழுத்தறிவு மறுக்கப்பட்ட நாட்டிலே, மாவட்ட மொழியில் ஒட்டிய அறிவிப்பும் வெறும் காகிதந்தானே! வரப்பிலே ஒட்டிய தாளை ஆடு தின்றுவிட்டது. அமீனா வந்தபோதுதான் அவனுக்குச் செய்தி தெரிந்தது. சட்டம் அறிவித்தது, சமுதாயம் அவனைப் படிக்கவிடவில்லை. கல்விக்காகக் குரலெழுப்பியோரை, 'சாப்பாட்டுக்கு வழி சொல்லாமல் பள்ளிக்கூடம் கேட்கிறார்களே' என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்தால் காணி தப்பியிருக்கும். காணி தப்பியிருந்தால் சாப்பாடும் தப்பியிருக்கும்.

படிக்கத் தெரியாத ஊருக்கு அறிவிப்பைக் கொண்டு சென்றது எது? தண்டோரா. கழுத்திலே பறையை மாட்டிக்கொண்டு, தெருத்தெருவாக, "இன்ன நாளிலே இன்ன கண்மாய் ஏலம்" என்று கூவியவன் யார்? சேரியிலிருந்து அழைத்து வரப்பட்டவன். அவன் கூறியதைக் கேட்டுத்தான் ஊர் கூடிற்று. அவன் கூறியதைக் கேட்டுத்தான் ஏலம் செல்லுபடியாயிற்று. அந்த ஏலத்திலே அவன் கேட்க முடியுமா? சட்டத்தைக் கேட்டால், "தாராளமாக" என்கிறது. ஊரைக் கேட்டால், மேலும் கீழும் பார்க்கிறது. மேலத்தெருக்காரர் திண்ணையிலே அமர்ந்திருக்க, துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவன், அவர் கேட்ட விலைக்கு மேலே பத்து ரூபாய் ஏற்றிச் சொல்வதென்றால் அது விலையா, கலகமா? மறுநாள் அவனுக்கு எந்தக் காட்டிலே கூலி கிடைக்கும்? எந்தக் கடையிலே கடன் கிடைக்கும்? அரபியிலே ஏலம் என்றால் அறிவித்தல் என்று பார்த்தோமே! நம் நாட்டிலே அறிவித்தவன் ஒருவன், அனுபவித்தவன் வேறொருவன். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோரா முறையை அடியோடு நிறுத்தச் சொல்லி ஆணையிட்டது. ஒலிபெருக்கி இருக்கும்போது மனிதன் கழுத்திலே பறை எதற்கு என்ற எளிய கேள்விக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின.

கண்மாய் ஏலத்தை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் சிறு கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும், பெரிய கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும் நின்றன. மீன், மரம், புல் ஆகியவற்றின் வருவாய் பொதுப்பணம். தெருவிளக்காகவும் குடிநீராகவும் ஊருக்குத் திரும்பவேண்டிய பணம். விற்கும் தரப்பிலே அதிகாரி குறைந்தபட்ச விலை ஒன்றை வைப்பார். முந்தைய ஆண்டுகள் போன விலையைப் பார்த்து வைப்பது வழக்கம். இங்கேதான் சூட்சுமம். சென்ற ஆண்டு கூடிப் பேசிக் குறைத்து எடுத்திருந்தால், இந்த ஆண்டின் அடிவிலையும் குறையும்; அடுத்த ஆண்டின் விலையும் குறையும். ஒருமுறை சாய்த்த தராசு தானாகவே சாய்ந்துகொண்டிருக்கும்.

வாங்குவோர் தரப்பிலே ஆபத்து வேறு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குத்தகை எடுத்து, மீன்குஞ்சு விட்டு, மழை ஏமாற்றினால் முதலும் போகும். மழை மிகுந்து கண்மாய் மறுகால் பாய்ந்தால் மீன் மறுகாலோடு போகும். எடுத்தவர் சீக்கிரம் நீர் வற்ற வேண்டுமென்பார். பயிர் வைத்தவரோ தை மாசிவரை நீர் நிற்க வேண்டுமென்பார். மடையைத் திறப்பதா மூடுவதா என்று இருதரப்பும் இரவிலே காவல் காக்கும் கதை இந்த வட்டாரத்துக்குப் பழக்கமானது. ஆகவே நிபந்தனைத் தாளிலே, பாசனத்துக்குக் கேடாக நீரை வெளியேற்றக்கூடாது என்ற ஒரு வரி இல்லாவிட்டால் ஏலத்தொகை எவ்வளவு உயர்ந்தாலும் ஊருக்கு நட்டமே.

மர ஏலத்திலே வேறு வித்தை. சீமைக்கருவேல் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது; இன்று கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுவே விளைச்சல். 2017இல் உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை அதனை அகற்ற ஆணையிட்டபோது ஊர்தோறும் ஏலங்கள் நடந்தன. எடையிட்டு விற்பதா, மொத்தமாக விற்பதா? மொத்தமாக என்றால் மரத்தை எண்ணியவர் யார், எண்ணியது எத்தனை? வெட்டி முடிக்கக் கெடு என்ன? தூரோடு எடுக்க வேண்டுமா, அடிமரத்தை விட்டுவிடலாமா? தூரை விட்டால் இரண்டே ஆண்டிலே மீண்டும் காடு. வெட்டியவருக்கே மீண்டும் ஏலம்! பெருந்தொகையை மட்டும் பார்க்கும் ஊரார் இந்தச் சிறுவரிகளைப் படிப்பதில்லை. ஏலம் எடுப்பவர் முதலில் படிப்பதே அவற்றைத்தான்.

கூடிப் பேசுவது என்றோமே, அது எப்படி? ஏல நாளுக்கு முதல்நாள் இரவிலே நாலு பேர் கூடுவர். யார் கேட்பது, எதுவரை கேட்பது, மற்றவர் எங்கே நிறுத்துவது என்று முடிவாகும். மறுநாள் பொதுவிடத்திலே நாடகம். அதன்பின் தமக்குள்ளே உண்மையான ஏலம் ஒன்று நடக்கும். வெளி ஏலத்துக்கும் உள் ஏலத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பங்கிட்டுக்கொள்வர். அந்த வேறுபாடு ஊரின் பணம். இங்கிலாந்திலே இந்தக் கூட்டைத் தண்டிக்க 1927இல் சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலே 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கூட்டுக் கேள்வியைக் குற்றமாகக் கொள்கிறது. தில்லியிலே இருக்கும் ஆணையம் திருச்சுழிக் கண்மாய்க்கரைக்கு வருவது எந்நாளோ!

வேடிக்கை ஒன்று சொல்வோம். விழுப்புரம் மாவட்டத்திலே ஒரு கோயிலில் வேலிலே குத்திய எலுமிச்சம்பழத்தை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். பிள்ளைவரம் வேண்டி ஆயிரக்கணக்கிலே கேட்கிறார்கள். அங்கே விலை விண்ணைத் தொடுகிறது. எவரும் கூடிப் பேசிக் குறைப்பதில்லை. சந்தையிலே சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் கனிக்கு நேர்மையான ஏலம். ஊர் முழுதும் உண்ணக்கூடிய கண்மாய் மீனுக்குக் கள்ள ஏலம்!

இந்த ஏலங்களில் கையெழுத்திடும் நாற்காலி யாருடையது என்பதே இறுதியில் கேள்வியாயிற்று. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996இல் ஊராட்சித் தேர்தல் வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலிகள் சில ஊர்களிலே ஆதிக்கக்காரரின் உறக்கத்தைக் கெடுத்தன. மதுரை மாவட்டம் மேலவளவிலே, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடன் சென்ற தோழர்களும் 1997 சூன் 30 அன்று, பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊர்களிலும், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலி நிலைக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்தேறியது. மானம், மரியாதை, பரம்பரை வழக்கம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். அந்த நாற்காலியில் அமர்பவர் பொதுச் சொத்தின் கணக்கைத் திறப்பார், ஏலத்தை நடத்துவார், "நீயும் வா, அவனும் வரட்டும்" என்பார் என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்கிறோம். நாற்காலியையே ஏலம் விட்ட ஊர்களும் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் தலைவர் பதவியை இத்தனை இலட்சத்துக்கு எடுத்தார் என்ற செய்தி வராமலிருப்பதில்லை. குடியாட்சிக்கும் குறைந்தபட்ச விலை குறித்துவிட்டார்கள்.

நீதிமன்ற ஏலத்தையும் வங்கி ஏலத்தையும் இங்கே விரித்துரைக்க இடமில்லை. 1908ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணைச் சட்டத்தின்படி ஏலம் எடுத்தவர் உடனே நூற்றுக்கு இருபத்தைந்தும், பதினைந்து நாளில் மீதியும் கட்ட வேண்டும். டிக்ரி பெற்றவரே கேட்பதானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். ஏலம் நடத்தும் உத்தியோகத்தர் கேட்கவே கூடாது. 2002ஆம் ஆண்டு வந்த சர்ஃபேசி சட்டம் வங்கிகளுக்கு நீதிமன்றம் ஏறாமலே ஈட்டுச் சொத்தை விற்க வழிவிட்டது: கடனாளிக்கு அறுபது நாள் தாக்கீது, பின்னர் விற்பனைக்கு முப்பது நாள் அறிவிப்பு. வேளாண் நிலம் இந்தச் சட்டத்தின் பிடிக்கு வெளியே இருக்கிறது. கரிசற்காட்டுக் குடும்பங்கள் இதை எழுதி வைத்துக்கொள்வது நலம். வாங்குவோர் ஒன்று அறிய வேண்டும். இவ்வகை ஏலங்களிலே 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு சொற்றொடர் வரும். வீட்டுக்குள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவதும், நிலுவை வரியும், பழைய வழக்கும் பெரும்பாலும் எடுத்தவர் தலையிலே விழும் என்பது அதன் பொருள். வில்லங்கச் சான்று பார்க்காமல் கணினியிலே விலையை அழுத்துபவர், விலை கொடுத்து வழக்கு வாங்குகிறார்.

இப்போது ஏலம் கணினிக்குள்ளே போய்விட்டது. முகம் தெரியாது, சாதி தெரியாது, திண்ணை இல்லை, துண்டைக் கக்கத்தில் இடுக்க வேண்டியதில்லை. நல்லதே. ஆனால் அறிவிப்பும் கணினிக்குள்ளேயே போய்விட்டது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்திலே நாயக்கர்பட்டி என்ற பெயரில் டங்சுடன் கனிமத் தொகுதி ஒன்றை மத்திய அரசு ஏலத்துக்கு வைத்தது. 2023இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து தில்லிக்கு எடுத்துச் சென்றிருந்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 எக்டேர், ஏறத்தாழ ஐயாயிரம் ஏக்கர். சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் உள்ள அரிட்டாபட்டி, 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, அந்த எல்லைக்குள்ளே வந்தது. கேள்வி கேட்டவர்கள், எடுக்கும் கனிமத்தின் மதிப்பில் நூற்றுக்கு எத்தனை தருவோம் என்று கணினி வழியே கேட்டார்கள். 2024 நவம்பர் 7 அன்று இந்துத்தான் துத்தநாக நிறுவனம் எடுத்ததாக முடிவு வெளியாயிற்று. உழுதுகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர்க்கு, தம் காலடி மண் ஏலம் போன செய்தி தெரிந்தது அதன் பிறகுதான்.

ஒருவனின் இரண்டு ஏக்கர் புன்செய்யை வரிப்பாக்கிக்கு விற்பதென்றாலும் அந்த நிலத்திலேயே அறிவிப்பை ஒட்டு என்றது 1864ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம். இங்கே விற்கப்பட்டது எவர் பாக்கிக்காகவும் அன்று. மேலூர் வட்டாரத்தார் தண்டோராவுக்குக் காத்திருக்கவில்லை. கிராமசபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7 அன்று உழவரும் பெண்களும் வணிகருமாக ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தார்கள். சனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது. முடிவு வெளியான நாளிலிருந்து எண்ணினால் எழுபத்தேழு நாள்.